ராத்திரி கை மரத்துப்போகுதா? மணிக்கட்டில் நரம்பு எங்கே தாமதமாகிறது என்று சொல்லும் பரிசோதனை

இரவு இரண்டு மணி. வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் ஊசி குத்துகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கையை நாலு உதறு உதறினால் கொஞ்சம் அடங்குகிறது. படுத்தால், விடியற்காலை நாலு மணிக்குத் திரும்பவும் அதே கதை.

இப்படி ஒருவர் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பதைத் தாண்டிய பெண். பகலில் ஆட்சியர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. காலையும் மாலையும் வீட்டு வேலை. சீசனில் சொந்த ஊருக்குப் போனால் மல்லாட்டை பறிக்கவும் உரிக்கவும் ஒரு கை கொடுப்பார். மெடிக்கல் ஷாப்பில் சொன்னதற்கு, "நரம்புக்குச் சத்து மாத்திரை" என்று பி12 அட்டை கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா, "கழுத்து எலும்பு தேஞ்சிருக்கும்" என்றார். செல்போனில் தேடியபோது வந்த முதல் வீடியோ பக்கவாதம் என்று மிரட்டியது. கடைசியில் பார்த்த மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தது, 'என்.சி.எஸ்., இரண்டு கைகளும்'.

அதென்ன என்று விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "கையில கரண்டு வெப்பாங்க."

கரண்ட் வைப்பது உண்மைதான். ஆனால் அதை எதற்கு வைக்கிறார்கள், வருகிற ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிட்டால் பயமும் குறையும், வீண் செலவும் குறையும். அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு பல நேரம் இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எடுக்கப்படுகிறது.

பத்துப் பேர் நெருக்கியடித்துப் போகும் சந்து

உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டு மடிகிற இடத்தில் ஒரு சின்னச் சுரங்கம் இருக்கிறது. அதற்குத் தரையும் பக்கச் சுவரும் மணிக்கட்டு எலும்புகள். மேலே கூரையாக, இழுத்துக் கட்டிய பட்டை போல ஒரு தசைநார். இந்தச் சந்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு ஒண்டிக்கொண்டு மீடியன் என்ற நரம்பும் போகின்றன. மொத்தம் பத்துப் பேர். எலும்பும் விரியாது, பட்டையும் சுலபத்தில் விரியாது. உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தால் நசுங்குவது, இருப்பதிலேயே மிருதுவான நரம்புதான். இதற்குப் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்.

கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் கட்டை விரலைப் பார்த்த பாதி, இவை மீடியன் நரம்பின் எல்லை. மோதிர விரலின் மறு பாதியும் சுண்டு விரலும் அல்நர் என்ற வேறு நரம்பின் எல்லை. அல்நர் இந்தச் சுரங்கத்துக்குள் வருவதில்லை. அதனால்தான் விவரமான மருத்துவர் முதலில், "சுண்டு விரலும் மரக்குதா?" என்று கேட்பார். பதில் சொல்ல ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. அடுத்த முறை ராத்திரி விழிப்பு வரும்போது எந்தெந்த விரல் என்று தொட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனை விட அது சில சமயம் அதிகம் சொல்லும்.

ராத்திரியில் ஏன் அதிகம்? தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்கிறோம். மடங்கினால் சுரங்கத்துக்குள் அழுத்தம் கூடுகிறது. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜார்ஜ் ஃபேலன் 1950களில் பிரபலமாக்கிய சோதனையும் இதுதான். இரண்டு மணிக்கட்டுகளையும் மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வார்கள். அதற்குள் விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கும்.

நோய் புதியதில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்தவருக்கு இந்த நரம்பு நசுங்கியதை 1854இலேயே பிரிட்டனின் ஜேம்ஸ் பேஜட் எழுதிவைத்தார். 1913இல் பிரான்சில் பியர் மரீயும் சார்லஸ் ஃபுவாவும் இறந்த ஒருவரின் கையை அறுத்துப் பார்த்து, பட்டைக்கு மேலே நரம்பு வீங்கியும் பட்டைக்குக் கீழே ஒடுங்கியும் இருப்பதைக் காட்டினார்கள். அந்தப் பட்டையை வெட்டிவிட்டால் நோய் தீரலாம் என்றும் சொன்னார்கள். உயிரோடு இருப்பவரின் கையை அறுக்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அப்போது மிச்சமிருந்த கேள்வி.

நரம்புக்கும் வேகம் உண்டு

நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது, அது அவ்வளவு வேகம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய உடலியல் அறிஞர்கள் நினைத்தார்கள். யோஹானஸ் முல்லர் அவர்களில் ஒருவர். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பை எடுத்து அளந்தே காட்டிவிட்டார். விநாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான். வாத்தியார் சொன்னதை மாணவன் தவளையை வைத்துத் தள்ளுபடி செய்த கதை.

மனிதக் கையில் இன்னும் வேகம். நல்ல நிலையில் உள்ள மீடியன் நரம்பு, முன்கையில் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் செய்தியைக் கடத்தும். மணிக்கு 180 கிலோமீட்டர். சோதனை ஓட்டத்தில் வந்தே பாரத் தொட்ட வேகம்.

இந்த வேகத்துக்குக் காரணம், நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறை. கரண்ட் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல. நரம்பு நசுங்கும்போது முதலில் அடிபடுவது இந்த உறைதான். உறை கெட்டால் செய்தி நின்றுவிடாது, தாமதமாகப் போகும். நசுக்கல் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நீடித்தால் உள்ளே இருக்கும் இழையே சாக ஆரம்பிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. உறை வாரங்களிலோ மாதங்களிலோ தன்னைச் சரிசெய்துகொள்ளும். செத்த இழை மீண்டு வளர்வது மெதுவாக நடக்கும், முழுதாக நடக்கும் என்று சொல்லவும் முடியாது.

1956இல் பிரிட்டன் மருத்துவர் ஜான் சிம்ப்சன், கார்ப்பல் டனல் நோயாளிகளுக்கு மணிக்கட்டிலிருந்து கட்டை விரல் தசைக்கு மின் துடிப்பு போய்ச் சேரத் தாமதமாவதைக் காட்டினார். இன்றைய பரிசோதனை அதன் வாரிசுதான்.

பௌர்ணமி டிராஃபிக் கணக்கு

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பௌர்ணமி கிரிவலத்துக்கு வேலூரிலிருந்து பஸ் கிளம்புகிறது. கண்ணமங்கலம், போளூர் எல்லாம் வழக்கமான வேகம். வேங்கிக்காலைத் தொட்டதும் நகரவே மாட்டேன் என்கிறது. வேலூரிலிருந்து மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் பார்த்தால், எங்கே மாட்டிக்கொண்டது என்று தெரியாது. கடைசி சில கிலோமீட்டரைத் தனியாக அளந்தால் தெரிந்துவிடும்.

நரம்பிலும் அதே வேலைதான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கணக்கு, மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை இன்னொரு கணக்கு. மேலே வேகம் சரியாக இருந்து, கடைசிச் சில சென்டிமீட்டரில் மட்டும் தாமதம் என்றால் சிக்கல் சுரங்கத்தில்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வேலூர் சாலையில் மட்டும் நெரிசலா, செஞ்சி சாலையிலும் நெரிசலா? பௌர்ணமியன்று எல்லாச் சாலையும் அடைபடும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் நரம்புகளுக்கு நடப்பது பெரும்பாலும் அதுதான். எல்லா நரம்பும் கொஞ்சம் கொஞ்சம் மந்தம், அதுவும் முதலில் கால்களில். மீடியன் மட்டும் மந்தம், பக்கத்து அல்நர் நன்றாக ஓடுகிறது என்றால் கார்ப்பல் டனல். இதனால்தான் வலிக்கிற ஒரு நரம்போடு நிறுத்தாமல், வலிக்காத நரம்பையும், சில சமயம் வலிக்காத கையையும் சோதிக்கிறார்கள். "நல்லா இருக்கிற கைக்கு எதுக்கு டெஸ்ட், காசு பிடுங்கவா?" என்று சந்தேகப்பட வேண்டாம். ஒப்பிட ஆள் இல்லாமல் தாமதம் என்று எதைச் சொல்வது?

பஸ்கள் எத்தனை நிமிடம் தாமதம் என்பது ஒன்று, கிளம்பிய நூறு பஸ்ஸில் எத்தனை வந்து சேர்ந்தன என்பது வேறொன்று. ரிப்போர்ட்டில் 'லேட்டன்சி' என்று இருப்பது தாமதம். 'ஆம்ப்ளிட்யூட்' என்று இருப்பது, தோராயமாக, வந்து சேர்ந்த பஸ்களின் எண்ணிக்கை. தாமதம் மட்டும் என்றால் பெரும்பாலும் உறைதான் கெட்டிருக்கிறது. எண்ணிக்கையே குறைந்துவிட்டால் இழைகள் போய்க்கொண்டிருக்கலாம்.

அந்த அறைக்குள் என்ன நடக்கும்?

வெறும் வயிறு தேவையில்லை. மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். கையில் எண்ணெய், கிரீம் தடவாமல் போக வேண்டும், இல்லாவிட்டால் மின்முனை ஒட்டாது. மோதிரம், வாட்ச், வளையல்களைக் கழற்றச் சொல்வார்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் தடையில்லை என்றாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும், ஒருவேளை ஊசிப் பரிசோதனையும் செய்ய நேரலாம்.

கட்டை விரலின் அடியில் மேடாக இருக்கும் தசையில் ஒரு மின்முனை, கட்டை விரல் ஓரத்தில் ஒன்று, புறங்கையில் ஒன்று. பிறகு மணிக்கட்டில் இரண்டு முனை கொண்ட ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள்.

"அக்கா, கையை லூஸா விடுங்க. சுருக்குன்னு இருக்கும், அவ்ளோதான்."

"ஐயோ, கட்ட வெரல் தானா குதிக்குதே தம்பி!"

குதிக்கத்தான் வேண்டும். அந்தக் குதிப்பின் மின் அலைதான் திரையில் விழுகிறது. துடிப்பு விநாடியில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரமே நீடிக்கும். லேசாக ஆரம்பித்து, அலை இதற்கு மேல் பெரிதாகாது என்ற அளவு வரை மின்சாரத்தைக் கூட்டுவார்கள். கடைசி இரண்டு மூன்று துடிப்புகள் கொஞ்சம் சுள்ளென்று இருக்கும். சிலருக்கு அது ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டது போல, சிலருக்கு அதைவிட மோசம். இதே துடிப்பை முழங்கையிலும் கொடுத்துப் பார்த்து, இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம். ஆறாம் வகுப்புக் கணக்கு.

உணர்வு நரம்புக்கு விரலில் மோதிரம் போன்ற வளையங்கள் மாட்டுவார்கள். ஆரம்பக் கட்ட நோய் முதலில் தெரிவது பெரும்பாலும் இங்கேதான். மோதிர விரலில் பாதி மீடியன், பாதி அல்நர் என்று பார்த்தோம் இல்லையா? ஒரே விரலில், ஒரே தூரத்துக்கு, இரண்டு நரம்புகளையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். மீடியன் 0.5 மில்லி விநாடிக்கு மேல் பின்தங்கினால் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன இடைவெளியில் நோய் பிடிபடுகிறது.

அவ்வளவு சின்ன இடைவெளி என்பதால்தான் ஒரு சாதாரண விஷயம் ரிப்போர்ட்டையே கெடுத்துவிடலாம்: குளிர்ந்த கை. தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் குறைகிறது. மார்கழிக் காலையில் டூவீலரில் வந்து, ஏசி அறையில் அரை மணி காத்திருந்து, உடனே கையை நீட்டினால் நல்ல நரம்பும் மந்தமாகத் தெரியும். கை 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். "சார், கை ஜில்லுன்னு இருக்கு" என்று நீங்களே சொல்லலாம். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்வார்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சில சமயம் இதன் பிறகு மெல்லிய ஊசியைத் தசையில் செலுத்தி, அதன் மின் ஓசையைக் கேட்கும் இ.எம்.ஜி. பரிசோதனையும் இருக்கும். கழுத்தில் நரம்பு அழுந்துகிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்கவும், தசை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும் அது உதவும். எல்லோருக்கும் தேவைப்படாது.

'நார்மல்' என்று வந்தால்?

அங்கேதான் பலர் உடைந்துபோகிறார்கள். ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் டம்ளர் கைநழுவுகிறது, ரிப்போர்ட்டோ எல்லாம் சரி என்கிறது. வீட்டில், "மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சு" என்று முடித்துவிடுகிறார்கள்.

மெஷின் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனை அளப்பது பெரிய, வேகமான இழைகளை மட்டும். வலியைக் கடத்தும் நுண்ணிய இழைகள் இதில் தெரியாது. ஆரம்ப நிலையில் நசுக்கல் ராத்திரியில் மட்டும் வந்து பகலில் விலகியும் இருக்கும். அறிகுறிகள் தெளிவாக இருந்தும் பரிசோதனை இயல்பாக வருகிறவர்கள் ஒரு சிலர் எப்போதும் உண்டு.

எதிர்ப்பக்கமும் உண்டு. தெற்கு ஸ்வீடனில் பொதுமக்களிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வு ஒன்று, கையில் எந்தத் தொந்தரவும் இல்லாத 125 பேரையும் சோதித்தது. அவர்களில் 23 பேருக்கு மீடியன் நரம்பில் கோளாறு காட்டியது. நோயே இல்லாத ஐந்து பேரில் கிட்டத்தட்ட ஒருவர். அதாவது, கை நன்றாக இருக்கும்போது ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இதைச் சேர்த்துச் செய்துகொள்வது வீண். அறிகுறியும் ரிப்போர்ட்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து, கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆபரேஷன் தேதி கொடுத்தால் இன்னொருவரிடம் கேட்பது நல்லது.

அறிகுறிகள் தெளிவாக, லேசாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். சந்தேகம் இருக்கும்போது, சர்க்கரை நோயோ கழுத்துப் பிரச்சினையோ கூடவே இருக்கும்போது, அறுவை சிகிச்சை பேச்சு வரும்போது இது அவசியமாகிறது. சில இடங்களில் அல்ட்ராசவுண்டில் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் வழக்கமாகி வருகிறது. அதில் சுள்ளென்ற துடிப்பு கிடையாது.

குற்றவாளி கம்ப்யூட்டரா?

ஐ.டி. ஊழியர்கள் முதலில் கேட்கும் கேள்வி. கீபோர்டுதான் காரணம் என்று ஊரே நம்புகிறது, ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கம்ப்யூட்டரை அதிகம் பயன்படுத்தும் 257 ஊழியர்களைக் கேட்டு 2001இல் வெளியான ஆய்வில், கையில் மரத்துப்போகும் உணர்வு இருப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 30 சதவீதம். நரம்புப் பரிசோதனையில் கார்ப்பல் டனல் உறுதியானது 3.5 சதவீதம் பேருக்கே. பொதுமக்களிடம் இருக்கும் அளவுதான்.

பலமாகப் பிடித்து, திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்யும் வேலைகள், கையை அதிரவைக்கும் கருவிகள், இவற்றுக்கு எதிரான சாட்சியம்தான் வலுவானது. கம்ப்ரெசர் பிடிப்பவரும் கல் உடைப்பவரும் ஸ்பேனரை நாளெல்லாம் திருகுபவரும் கம்ப்யூட்டர் ஊழியரை விட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்கள்தான் இந்தப் பரிசோதனைக்குக் கடைசியாக வந்து சேர்கிறார்கள் என்பது வேறு விஷயம். பெண்களுக்கு ஆண்களை விட இது அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், பழைய மணிக்கட்டு எலும்பு முறிவு ஆகியவையும் பட்டியலில் உண்டு. கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகக் குறையும். ஆகவே என்.சி.எஸ். எழுதும் மருத்துவர் கூடவே சர்க்கரை, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எழுதினால் அதையும் செய்துவிடுங்கள்.

பி12 பற்றி ஒரு வார்த்தை. அது குறைந்தால் நரம்பு பாதிக்கப்படும் என்பது உண்மை. நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குக் குறையவும் செய்யலாம். ஆனால் அந்த மரப்பு பொதுவாக இரண்டு பாதங்களிலும் தொடங்கும். பட்டைக்கு அடியில் நசுங்கும் நரம்பை எந்தச் சத்து மாத்திரையும் விடுவிக்காது.

இந்த வட்டாரத்தில் கூடுதலாக ஒரு கேள்வி

வெளிநாட்டு இணையதளங்கள் அதிகம் பேசாத ஒன்றை நம் ஊர் மருத்துவர்கள் மனதில் வைத்திருப்பார்கள்: தொழுநோய். அது நரம்புகளைத் தடிக்கச் செய்யும். அதிகம் தாக்குவது முழங்கை அருகே அல்நர் நரம்பை, சில நேரம் மணிக்கட்டுக்கு மேலே மீடியனை. மருத்துவர் முழங்கையின் உட்புறம் தடவிப் பார்ப்பதும், உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருக்கிறதா என்று கேட்பதும் இதற்காகத்தான். நரம்புப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்ட உதவும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், குணப்படுத்தக்கூடிய நோய், மறைக்க ஒன்றுமில்லை.

இங்கிருந்து வடக்கே அதே சாலையில் போனால் வரும் வேலூர் சி.எம்.சி.க்கும் இந்த விஷயத்துக்கும் பழைய உறவு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் அங்கே வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். இந்தியாவின் முதல் நரம்பியல் துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதும் அங்கேதான்.

ரிப்போர்ட் வந்த பிறகு

'மைல்ட்' என்றால் பொதுவாக உணர்வு நரம்பில் மட்டும் தாமதம். 'மாடரேட்' என்றால் தசைக்குப் போகும் நரம்பிலும் தாமதம். 'சிவியர்' என்றால் அலைகள் சிறுத்தோ காணாமலோ போய்விட்டன.

முதல் இரண்டு கட்டங்களில் ராத்திரி பட்டை கட்டிக்கொண்டு சில வாரங்கள் பார்ப்பது வழக்கம். கடையில் கிடைக்கும் பல பட்டைகள் கையை மேல்நோக்கித் தூக்கியே வைத்திருக்கும். மணிக்கட்டு மேலேயும் கீழேயும் மடங்காமல் நேராக இருப்பதுதான் தேவை. உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை வெளியே எடுத்து நிமிர்த்தித் திரும்பச் செருகிக்கொள்ளலாம். அடங்கவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் மேல் போனால் அந்தப் பட்டைத் தசைநாரை வெட்டிவிடும் சிறிய அறுவை சிகிச்சை. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தள்ளிப்போடக் கூடாத கட்டம் ஒன்று உண்டு. இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்து, கட்டை விரலின் அடியில் உள்ள மேட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் வற்றித் தட்டையாகியிருந்தால், சட்டைப் பட்டன் போடவோ புடவைக்குப் பின் குத்தவோ விரல் ஒத்துழைக்கவில்லை என்றால், இழைகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்த மேடு போன பிறகு செய்யும் அறுவை சிகிச்சை வலியையும் மரப்பையும் குறைக்கலாம், சதையைத் திரும்பக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு இந்தக் கட்டத்தில் வலியே குறைந்துவிடும். "இப்ப பரவாயில்ல" என்று விட்டுவிடுவது அப்போதுதான் நடக்கிறது.

திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் பலமிழந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் அது வேறு கதை. அதற்கு என்.சி.எஸ்.க்கு நேரம் வாங்கிக் காத்திருக்கக் கூடாது, 108தான்.

பரிசோதனைக்குப் போகும் முன் போனில் கேட்டுக்கொள்ள வேண்டியவை: கட்டணம் ஒரு கைக்கா, இரண்டு கைக்குமா, கை கால் நான்குக்குமா? ஊசிப் பரிசோதனை அதில் சேர்த்தியா? ரிப்போர்ட்டில் எழுத்து மட்டும் கொடுப்பார்களா, அலைகளும் எண்களும் சேர்ந்து வருமா? கடைசிக் கேள்வி முக்கியம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை நன்றாகிவிட்டாலும் நரம்பின் எண்கள் முழுதாக இயல்புக்குத் திரும்பாமலே இருக்கலாம். இரண்டு வருடம் கழித்துத் திரும்ப மரக்க ஆரம்பித்தால், புதிய எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் எதுவும் புரியும். அந்தத் தாளை ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே பத்திரமாக வைத்திருங்கள். செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.